நம்ம ஆறு

“இல்லேன்னு எழுதிக் குடுத்தது யாரு மச்சான்? நானா? எதிர்வீட்டுக்காரனா? நீங்க.”

“குரலைக் குறைடா. தெருவே கேக்குது.”

“கேக்கட்டும். எங்க ஆத்துல ஒண்ணுமில்லன்னு அச்சடிச்சு ஊரு பூரா குடுத்தப்போ தெரு கேக்கலையா?”

தெருவே கேட்டது என்பது அபாண்டம். கேட்டது நான் ஒருத்திதான். எங்கள் அடுப்படி சன்னலுக்கும் அவர்கள் அடுப்படி சன்னலுக்கும் நடுவே நாலடி சந்து. வெங்காயம் அரிந்துகொண்டு நின்றேன். வெங்காயம் அரிகிறவள் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா, இரண்டு கையும் வேலையில் இருக்கிறதே.

மதியம் பன்னிரண்டு இருக்கும். மூன்று நாளாக விடாத தூறல். கத்திக்கொண்டிருந்தவன் அந்த வீட்டம்மாவின் தம்பி. வீச்சு வலைக்காரன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் வருகிற அவர்கள் பிறந்த ஊரில், வடக்காற்றில் மீன் பிடித்துப் பிழைப்பவன். வழக்கமாக வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, “அக்கா, சோறு இருக்கா” என்று கேட்டபடி உள்ளே போவான். அன்றைக்குச் சேற்றுக் காலோடு கூடத்தில் நின்றான். தரை நாசமாவதை அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே எனக்கு விஷயம் பெரிது என்று பட்டுவிட்டது.

கத்தல் வாங்கிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் புட்டிக்காரர். புதிதாகக் குடிவந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டு அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மகளுக்கு முதன்முதலாக வந்த வரன் அதனாலேயே தட்டிப்போனது. “அப்பா புட்டிக்காரராமே” என்று தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். யாரிடம் விசாரித்தார்கள் என்பது இப்போது எதற்கு.

அவர் வீட்டுப் புட்டிகளில் இருந்தது மீன். ஆற்று மீன்களைக் கணக்கெடுக்கிற ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தார். முன்னறையில் சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஊறுகாய் ஜாடி மாதிரி வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார். ஒவ்வொன்றிலும் மருந்துத் தண்ணீரில் வெளுத்துப்போன மீன்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த மருந்து நெடி இருக்கிறதே, கதவைத் திறந்தால் நமக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்குச் சௌகரியமான வீடு. அவர் சாப்பிடும்போதும் அப்படித்தான். மீன் குழம்பு வைத்தால் தட்டில் விழுந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முதுகு முள்ளை எண்ணி, “இது குளத்து மீனு, ஆத்து மீனுன்னு சொல்லி உன்னை ஏமாத்திட்டான்” என்பார். குழம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் கரையில் மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஆறு இரண்டு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகிற தெக்காறு ஒன்று, வடக்காறு இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகக் கடலில் விழுகின்றன. இந்த இரண்டிலும் இருக்கிற மீன்களை மூன்று பெட்டியாகப் பிரித்ததுதான் அவர் ஆயுள் சம்பாத்தியம். நல்ல தண்ணீரிலேயே பிறந்து நல்ல தண்ணீரிலேயே சாகிறது முதல் பெட்டி. கடலுக்கும் ஆற்றுக்கும் போக வர இருக்கிறது இரண்டாவது. சும்மா முகத்துவாரம் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற கடல் மீன் மூன்றாவது. முதல் பெட்டிதான் அவருக்கு உசத்தி. “உப்பு பட்டா செத்துரும்மா. ரெண்டு ஆத்துக்கும் நடுவுல கடல் இருக்கு. அதைத் தாண்டி ஒண்ணு இன்னொண்ணுக்குப் போகவே முடியாது. அதனாலதான் ஒரு ஆத்துல இருக்கிற சில மீன் அடுத்த ஆத்துல இருக்காது” என்று கொடியில் துணி போட வந்த என்னை நிறுத்தி வைத்துச் சொல்வார். நானும் தலையாட்டிவிட்டு, தெருவில் யார் யார் எந்தப் பெட்டி என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டே உள்ளே வருவேன். மூன்றாவது பெட்டிக்கு எங்கள் தெருவில் பஞ்சமே இல்லை. அவர் மனைவியை நான் முதல் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கல்யாணமாகி வந்து முப்பத்திரண்டு வருடம், தெக்காற்றுத் தண்ணீரிலேயே குளித்து, துவைத்து, குடித்து இருக்கிறவள்.

சண்டைக்கு வருகிறேன்.

வடக்காற்றின் குறுக்கே தடுப்பணை கட்டப் போகிறார்கள். வேலைக்கு வாகாக நாலு மாதத்துக்கு முன்பே மண்கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கிவிட்டார்கள். தம்பி வலை வீசுகிற நீரோட்டமெல்லாம் குட்டையாகிப் போயிற்று. அவனும் இன்னும் நாலு பேருமாக மனு எழுதிக்கொண்டு அணை ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டு, ‘வடக்காற்றுக்கு மட்டுமே உரிய மீன் ஏதும் இல்லை’ என்ற வரியைக் காட்டியிருக்கிறார். அடியில் மச்சான் பெயர். ஆட்சேபணை இருந்தால் இருபதாம் தேதி விசாரணையில் வந்து சொல்லலாம், அதற்குப் பிறகு கான்கிரீட் போட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இருபதுக்கு இன்னும் பதினோரு நாள்.

“நான் பார்க்காததையாடா எழுதினேன்?” என்றார் புட்டிக்காரர். “உங்க ஆத்தை மூணு தடவை ஏறி இறங்கிப் பார்த்திருக்கேன். அங்க இருக்கிறதெல்லாம் இங்கயும் இருக்கு. இங்கதான் கூடுதலா ஒண்ணு இருக்கு.”

“எது?”

“கல்லொட்டி. விரல் நீளம். வயித்துல கிண்ணம் மாதிரி வச்சுக்கிட்டு ஓட்டத்துல கல்லைப் பிடிச்சுட்டு நிக்கும். தெக்காத்தைத் தவிர எங்கயும் கிடையாது. அதனாலதான் தெக்காத்துல ஒருத்தன் கை வைக்க முடியல.”

வலை வீசுகிறவன் கை சும்மா இருக்காது. தம்பி குடைக் காம்பைத் தரையில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“கல்லோட சேர்த்துத்தான் தூக்கணும், பிச்சா வயிறு கிழிஞ்சிரும். அதுவா?”

“அதான்.”

“அது எங்க ஆத்து மீனாச்சே மச்சான். நாங்க திங்கிறது கூட இல்ல, முள்ளுதான். ஆறு மீனு பிடிச்சு டிபன் டப்பாவுல போட்டு அக்காகிட்ட நான்தானே குடுத்து விட்டேன். உங்க கண்ணு ஆபரேஷன் சமயத்துல, பணியாரம் சுட்டுக் குடுத்தனுப்புற மாதிரி.”

இந்த இடத்தில் நான் வெங்காயத்தை வைத்துவிட்டேன்.

அந்த வருடம் எனக்கும் நினைவு இருக்கிறது. அவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. பட்டியலை முடித்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் இரண்டு கண்ணிலும் புரை முற்றி, ஒன்றை அறுத்து, அது பழுத்து, மறுபடி அறுத்து, இரண்டு மாதம் கண்ணில் கட்டோடு கிடந்தார். வேலை நிற்கவில்லை. மனைவி மீனைக் கழுவி, துடுப்பை விரித்துக் குண்டூசி குத்தி, மருந்தில் போட்டாள். துண்டுக் காகிதத்தில் பென்சிலால் இடம், எண்ணிக்கை எழுதி உள்ளே விட்டாள். மையில் எழுதினால் கரைந்துவிடும் என்பதால் பென்சில். மகள் ஒவ்வொரு புட்டியாக எடுத்துச் சீட்டை வாசித்து டைப் அடித்தாள். இவர் கட்டிலில் படுத்தபடி, “முதுகுல முள்ளு எத்தனை? பக்கவாட்டுல செதில் எண்ணு” என்று கேட்டுக் கேட்டு எது என்ன மீன் என்று சொன்னார். கண் தெரியாமலே மீனைக் கண்டுபிடிக்கிறார் என்று நான்தான் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

அறைக்குள் கண்ணாடி இடிபடும் சத்தம் வந்தது. அவர் மனைவி புட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள் போல.

“சீட்டை வாசிடி,” என்றார் மகளிடம்.

“‘நம்ம ஆறு. கல்லுக்கு அடியில். ஆறு உருப்படி.’ அம்மா கையெழுத்துப்பா.”

“அப்புறமென்ன? நம்ம ஆறுன்னு எழுதியிருக்கு. தெக்காறு.”

“அப்படித்தான்பா நானும் அடிச்சேன்.”

யாரும் அவள் அம்மாவைக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். சமையல் ஆகிவிட்டது என்று சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

“நான் எழுதினது எங்க ஆறு.”

“நம்ம ஆறுன்னா நம்ம ஆறுதானே?”

“ஆமா. நம்ம ஆறுன்னா எனக்கு அதுதான்.”

*

அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்பதைவிட, நம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார் என்று சொன்னால் சரியாக இருக்கும். கல்லொட்டி தெக்காற்றில் இருந்தே தீரும், பிடித்துக் காட்டுகிறேன் என்று மறுநாள் காலையிலேயே இறங்கிவிட்டார். அறுபது வயது. முழங்காலுக்கு மேல் வேட்டியைச் சுருட்டி, ஒரு கையில் கைவலை, ஒரு கையில் கம்பு. ஓட்டம் எங்கே உண்டோ அங்கே போய் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். தூறல் மழையாயிற்று, மழை மறுபடி தூறலாயிற்று. என் வீட்டுக்காரர் மேல்பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, “உன் புட்டிக்காரருக்கு மூக்குத்தி கீக்குத்தி தொலைஞ்சு போச்சா?” என்று கேட்டார்.

அவள் தினமும் சோறு கட்டிக் கொடுத்தாள். தூக்குச்சட்டியில் சோறு, மேலே பொரித்த முட்டை, ஓரத்தில் வதக்கிய கிழங்கு. வாசல் வரை கொண்டுபோய்க் கையில் கொடுப்பாள். பின்கட்டில் துணி அலசும்போது நான்தான் வாயைக் கிளறினேன்.

“கிடைச்சிருமா?”

“கிடைக்காதுக்கா.”

“அப்படி அடிச்சுச் சொல்றியே.”

“நான் முப்பத்திரண்டு வருஷமா அதுல துணி துவைக்கிறேன். கல்லைப் புரட்டாமயா துவைக்கிறேன்?”

“அப்போ ஏன் அலைய விடுற? சொல்ல வேண்டியதுதானே.”

அவள் போர்வையை ஒரு முனையை என்னிடம் கொடுத்துப் பிழிந்தாள். நன்றாக முறுக்கி, சொட்டு நின்ற பிறகுதான் பேசினாள்.

“கிடைச்சா நல்லதுன்னு எனக்கே இருக்குக்கா. கிடைச்சா அவர் எழுதினதும் சரி, நான் எழுதினதும் ஒண்ணும் ஆயிடாது.”

ஒன்பதாம் நாள் கைவலையைக் கொல்லையில் போட்டுவிட்டு, கால் கழுவாமல் படியில் உட்கார்ந்தார். கால் விரலெல்லாம் ஊறி வெளுத்து, அவர் வீட்டுப் புட்டிக்குள் இருப்பது மாதிரியே இருந்தது. எதிரில் நின்ற மகளிடம், “எழுதிக்கோ,” என்றார். பட்டியலில் பிழை. கல்லொட்டியின் இடம் தெக்காறு அல்ல, வடக்காறு. பிழைக்கு நானே பொறுப்பு.

“அம்மா சீட்டு எழுதினது, நான் டைப் அடிச்சதுன்னு எழுத வேண்டாமாப்பா?”

“கையெழுத்து யாருது?”

“உங்களுது.”

“அப்புறமென்ன. எழுது.”

அந்த மனுஷனைப் பற்றி நான் எத்தனையோ பேசியிருக்கிறேன். அன்றைக்கு உள்ளே போய்ச் சன்னலைச் சாத்தினேன்.

*

இருபதாம் தேதி விசாரணைக்கு நாலு பேரும் போனார்கள். நான் போகவில்லை. ஆனால் போனது மாதிரிதான், மகள் ஒன்று விடாமல் சொன்னாள்.

ஒரு நீள மேசை. மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் அணை ஆபீஸ்காரர். ஆட்சேபணைக்காரர்கள் மடக்கு நாற்காலியில். புட்டியை மேசை மேல் வைத்தார்கள். அதிகாரி அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, கொட்டிவிடுமோ என்ற பயத்தில் தள்ளி வைத்தார்.

“சார், நீங்க எழுதினதை நீங்களே தப்புன்றீங்க.”

“ஆமா சார்.”

“இப்போ தப்புன்னு சொல்றதை எதை வச்சு நம்புறது?”

“சீட்டு உள்ளே இருக்கு.”

அணை ஆபீஸ்காரர் புட்டியைச் சுற்றிப் பார்த்துப் படித்தார். “‘நம்ம ஆறு’ன்னு இருக்கு. யாரோட நம்ம?”

சிரிப்பு எழுந்தது. தம்பிகூடக் கொஞ்சம் சிரித்தானாம். அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றாள்.

“நீங்கதான் எழுதினீங்களாம்மா?”

“ஆமாங்க.”

“விலாசம் சொல்லுங்க.”

சொன்னாள். எங்கள் தெரு. எங்கள் கதவு எண்ணுக்கு அடுத்த எண்.

“எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?”

“முப்பத்திரண்டு.”

“வீட்டுக்குப் பின்னாடி போறது எந்த ஆறு?”

“தெக்காறு.”

“அப்போ நம்ம ஆறுன்னா அதுதானேம்மா? யாரா இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்குவாங்க?”

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. புட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாளாம். “அது நான் இருக்கிற ஆறுங்க. நம்ம ஆறுன்னு நான் ஒரு நாளும் அதைச் சொன்னதில்ல. வீட்டுல யாரும் கவனிச்சதில்ல.”

மகள் இதைச் சொல்லும்போது நிறுத்திவிட்டாள். “பெரியம்மா, நிஜமாவே கவனிச்சதில்ல,” என்றாள். யோசித்துப் பார்த்தேன். ‘ஆத்துல தண்ணி வத்திருச்சு’ என்பாள், ‘கொல்லை ஆத்துல பாம்பு’ என்பாள். நாலடி சந்தில் காதைத் தீட்டிக்கொண்டு இத்தனை வருடம் நின்ற நானே கவனிக்கவில்லை. தப்பான பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்தேன்.

அதிகாரி பொல்லாதவர் இல்லை. பழைய புட்டியை வைத்து வேலையை நிறுத்த முடியாது, உயிரோடு ஒன்று, ஒரே ஒன்று, வடக்காற்றிலிருந்து பதினைந்து நாளில் கொண்டு வந்து காட்டுங்கள், வேலையை நிறுத்திவிட்டு ஆற்றை முழுக்கப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். எழுதியும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு இடம் கிடைத்தது, அவர் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். புட்டி அவள் மடியில். பக்கத்து சீட்டுக்காரி, “ஊறுகாயா?” என்று கேட்டாளாம். பாதி தூரம் வந்த பிறகு அவர் குனிந்து கேட்டிருக்கிறார்.

“இந்த ஆத்துல உனக்கு என்ன குறை?”

“குறைன்னு சொன்னேனா?”

“பின்ன?”

“நீங்க மீனைப் பிரிக்கும்போது, இந்த மீன் ஏன் அந்த ஆத்துல இல்லன்னு அதுகிட்டயா கேட்டீங்க?”



*

பதினைந்து நாளும் புட்டிக்காரரும் அவளும் தம்பியும் வடக்காற்றில் இருந்தார்கள். தம்பி வீட்டில் தங்கல். தூறல் நின்று வெயில் ஏறிவிட்டது. பின்னால் ஒரு முறை தம்பி எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னான்.

“மண்கரைக்கு மேல ரெண்டு மைலு தண்ணி நிக்குதுக்கா. அடியில கல்லெல்லாம் அப்படியேதான் இருக்கு. மேல ஒரு சாண் சேறு. கையை விட்டா மாவுல விட்ட மாதிரி போகுது. அந்த மீனு ஓடுற தண்ணியில மூச்சு விடுறது. நிக்கிற தண்ணியில அதுக்கு என்ன வேலை? மச்சான் என்னைவிட மோசம். சேத்தை வழிச்சு வழிச்சுக் கல்லைத் தூக்கிப் பார்க்கிறாரு. விட்டுருங்க மச்சான்னா, ‘ஒண்ணு போதும்டா, ஒண்ணே ஒண்ணு’ங்கிறாரு.”

“உங்க அக்கா?”

“கரையில உக்காந்திருந்தா. கடைசி ரெண்டு நாளு அவளே இறங்கிட்டா. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, அவரு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். சின்ன வயசுல அவ எந்தக் கல்லுல உக்காந்து கால் கழுவுவான்னு எனக்குத் தெரியும். அந்தக் கல்லையும் தூக்கிப் பார்த்தா.”

தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தான். “நான் அப்பவே, டிபன் டப்பாவுல குடுத்தப்பவே, ஒரு வார்த்தை ‘வடக்காறு’ன்னு சொல்லி விட்டிருக்கலாம். யாருக்குத் தோணும்? அக்காகிட்டப் போயி வடக்காறுன்னு சொல்வேனா? நம்ம ஆத்து மீனு, மச்சானுக்குக் காட்டுன்னுதான் சொன்னேன்.”

பதினாறாம் நாள் கான்கிரீட் லாரி வந்தது.

*

இப்போது அணை முடிந்து ஒன்றரை வருடமாகிறது. தம்பி வலையை விற்றுவிட்டு அந்த அணையிலேயே மதகு காவல்காரனாக இருக்கிறான். காக்கிச் சட்டை, சைக்கிள், மாதச் சம்பளம். “நல்ல வேலை, தண்ணியைத் திறக்கணும், மூடணும், அவ்வளவுதான்” என்கிறான். அக்கா வீட்டுக்கு வந்தால் பழையபடி கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகிறான். குரல் உயர்வதில்லை. எனக்குத்தான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

புட்டிக்காரர் பட்டியலுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினார். கல்லொட்டிக்கு நேரே தெக்காறு என்பதை அடித்துவிட்டு, ‘வடக்காறு. ஆறு உருப்படி. ஒரு முறை’ என்று போட்டார். ஆபீசில் அதை ஒரு துண்டுத் தாளாக அடித்து, மிச்சம் இருந்த புத்தகங்களில் ஒட்டினார்கள். தெக்காற்றுக்கு மட்டுமே உரிய மீன் என்று இப்போது எதுவுமில்லை. அடுத்த அணை இங்கேதான் என்று பேச்சு அடிபடுகிறது. போன மாதம் புட்டிகளையெல்லாம் ஒரு கல்லூரிக்குக் கொடுத்து அறையைக் காலி செய்துவிட்டார். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அதில் சீட்டை மாற்றச் சொல்லி மகள் சொன்னாளாம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாராம். அவர் மனைவி அந்தப் புட்டியை அடுப்படி அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மருந்து குறைந்தால் அவர் வந்து ஊற்றுகிறார்.

ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குக் கேட்கிறது. அவள் இப்போது வடக்காறு என்கிறாள். பெயர் சொல்லி, வேறு யாரோ ஒருவரைச் சொல்கிற மாதிரி.

மகளுக்குக் கல்யாணமாகிப் போய் மூன்று மாதமாகிறது. நல்ல இடம்தான். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய ஊர். விசாரிக்க வந்தவர்களிடம் நான் வாயைத் திறக்கவே இல்லை. போன வாரம் எனக்குப் போன் பண்ணினாள். அம்மா போன் எடுக்கவில்லையாம், அதனால் எனக்கு.

“என்னடி பண்றே?”

“ஒண்ணுமில்ல பெரியம்மா. நம்ம வீட்டு மாடியில துணி காயப் போட்டிருந்தேன், திடீர்னு மழை. ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன்.”

அவள் அம்மா வீட்டுக்கு மாடி கிடையாது. நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே.

“எந்த வீடுடி?”

“இங்கதான் பெரியம்மா, நம்ம...” என்றவள் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மழைச் சத்தம் நன்றாகக் கேட்டது. “அம்மா வந்தா கூப்பிடச் சொல்லுங்க,” என்று வைத்துவிட்டாள்.

சந்துக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா ஈரத்தலையோடு வந்து சன்னலில் நின்றாள்.

“போன் அடிச்ச மாதிரி இருந்துச்சே அக்கா. எவ, எம்பொண்ணா? என்ன சொன்னா?”

“மழை பெய்யுதாம்,” என்றேன்.